உடற்பருமனும் முதுகு ஊசியும்: ஒரு தவறான கணக்கு

உடற்பருமன் மிக்க ஒருவருக்கு அறுவை சிகிச்சை என்று முடிவானதும், முதுகில் ஊசி போடுவது அவருக்குச் சரிப்படாது, முழு மயக்கம் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு என்ற பேச்சு வீட்டாரிடமிருந்து மட்டுமன்றி, சில வேளைகளில் அறுவை அரங்குக்குள்ளிருந்தே எழுகிறது. ஊசி போடுவது கடினம் என்பது உண்மையே. ஆனால் அது மருத்துவரின் கைக்கு நேரும் சிரமம். அச்சிரமத்தையே நோயாளிக்கு நேரும் ஆபத்தின் அளவாகக் கொண்டு, கைக்கு எளிதாக வருவது உயிருக்கும் பத்திரமானது என்று முடிவு கட்டுவதில்தான் கணக்குப் பிசகுகிறது.

நோயாளியின் நினைவை மாற்றாமல், அறுவை நடக்கும் பகுதிக்குச் செல்லும் நரம்புகளை மட்டும் மரத்துப்போகச் செய்வது வட்டார மயக்கம் எனப்படும். தண்டுவடத்தைச் சூழ்ந்த திரவத்துக்குள் மருந்தைச் செலுத்தும் ஸ்பைனல், அத்திரவத்தின் உறைக்கு வெளியே மெல்லிய குழாயைப் பொருத்தி மருந்து தரும் எபிடியூரல், கை கால்களின் நரம்புகளைத் தனித்தனியே மரக்கச் செய்யும் நரம்புத் தடுப்பு ஆகியவை இதன் முக்கிய வகைகள். 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் ஸ்பைனல் முறையை அறுவைக்குப் பயன்படுத்திய காலம் தொட்டு, இக்கலை பெரிதும் விரல் நுனியின் உணர்வையே நம்பி வந்திருக்கிறது. இடுப்பெலும்பின் இரு மேல்முனைகளையும் இணைக்கும் கற்பனைக் கோடு நான்காம் இடுப்பு முள்ளெலும்பின் அருகே செல்லும் என்பது அடிப்படைப் பாடம். கொழுப்பு திரண்ட உடலில் அம்முனைகள் விரலுக்குத் தட்டுப்படாமல் போவதோடு, குறிக்கப்படும் இடம் உண்மையான இடத்தைவிட மேலே அமைந்துவிடுவதும் உண்டு. தண்டுவடம் பெரும்பாலோர்க்கு முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் அளவில் முடிவதால், இப்பிழை அலட்சியப்படுத்தக் கூடியதன்று. வழக்கமான 9 சென்டிமீட்டர் ஊசி எட்டாமல் நீண்ட ஊசி தேவைப்படலாம். உட்கார்ந்திருக்கையில் தோலோடு ஒட்டப்பட்ட எபிடியூரல் குழாய், நோயாளி படுக்கும்போது தோலுக்கடியில் உள்ள கொழுப்பு நகர்வதால் இடம்விட்டு வெளியே இழுபடலாம்.

இவற்றுக்கெல்லாம் வழி இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் கருவியால் முதுகின் நடுக்கோட்டையும் ஊசி செல்லவேண்டிய ஆழத்தையும் முன்கூட்டியே அளக்கலாம். நோயாளியைப் படுக்கவைத்த பிறகே குழாயை ஒட்டலாம். எடையைக் காட்டும் எண்ணைவிட, முதுகெலும்பு விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்பதே சிரமத்தை நன்கு முன்னறிவிக்கிறது. எடை மிகுந்தும் முதுகெலும்பு தெளிவாகத் தட்டுப்படுவோர் பலர்.

முழு மயக்கத்தின் சிக்கல்களோ இப்படி வெளியே தெரிவதில்லை. படுத்த நிலையில் வயிற்றின் பாரம் உதரவிதானத்தை மேலே தள்ளுவதால், மூச்சு விட்ட பின்னும் நுரையீரலில் தங்கும் காற்றின் இருப்பு பருமனானவருக்குக் குறைகிறது. முன்னதாக ஆக்சிஜனை நன்கு சுவாசிக்கக் கொடுத்திருந்தாலும், மூச்சு நின்ற கணத்திலிருந்து இரத்த ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்க, மிகு பருமன் உடையவரிடம் ஏறத்தாழ 3 நிமிடமே ஆகலாம். சராசரி உடலில் அதைப்போல் இருமடங்குக்கும் மேலான அவகாசம் உண்டு. அந்தக் குறுகிய இடைவெளிக்குள் கொழுப்பால் குறுகிய தொண்டை வழியே மூச்சுக்குழாய்க் கருவியைச் செலுத்தியாக வேண்டும். பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவக் கல்லூரியும் கடின மூச்சுப்பாதைச் சங்கமும் 2011இல் வெளியிட்ட நான்காவது தேசியத் தணிக்கை, மூச்சுப்பாதை தொடர்பான பெரும் விபத்துகளின் வாய்ப்பு பருமனானவர்களிடம் இருமடங்காகவும், மிகு பருமனில் நான்கு மடங்காகவும் இருந்ததைக் காட்டியது. குறட்டையோடு மூச்சுத்திணறும் உறக்க மூச்சுத்தடை நோய் இவர்களிடம் மிகுதி. அறுவைக்குப் பின் வலிக்காகக் கொடுக்கப்படும் ஓபியாய்டு மருந்துகள் அதனை மேலும் மோசமாக்குகின்றன. முதுகில் நான்கு முறை குத்தியது எல்லார்க்கும் நினைவிருக்கும். இரவில் வார்டில் ஆக்சிஜன் இறங்கியதோ மயக்கமுறையின் கணக்கில் எழுதப்படுவது அரிது.

பருமனானவருக்கு முழு மயக்கமே பாதுகாப்பு என்ற நம்பிக்கையின் உடன்பிறப்பாக மற்றொன்றும் உலவுகிறது: பெரிய உடலுக்குப் பெரிய அளவு மருந்து வேண்டும் என்பது. வயிற்றின் அழுத்தமும் முதுகெலும்புக் குழலின் உள்ளே உள்ள கொழுப்பும் தண்டுவடத் திரவத்தின் கொள்ளளவைக் குறைப்பதால், ஸ்பைனல் மருந்து பருமனானவரிடம் எதிர்பார்த்ததைவிட மேலே பரவக்கூடும். மார்புத் தசைகளை எட்டினால் மூச்சும் இரத்த அழுத்தமும் தளரும். நரம்புத் தடுப்பிலும் தராசு காட்டும் முழு எடையைக் கொண்டு அளவு கணித்தால், மரப்பு மருந்து இரத்தத்தில் மிகுந்து வலிப்பையும் இதயத் தடுமாற்றத்தையும் உண்டாக்கலாம். உடல் பருத்தால் நரம்பும் அதற்கேற்பப் பருப்பதில்லை.

ஊசியால் கால் விளங்காமல் போய்விடும் என்ற அச்சமே பொதுமக்களை முழு மயக்கத்தின் பக்கம் தள்ளுகிறது. பிரிட்டனில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பைனல், எபிடியூரல் ஊசிகளைக் கணக்கிட்டு 2009இல் வெளியான மூன்றாவது தேசியத் தணிக்கையில், ஐயத்துக்குரியவற்றையெல்லாம் சேர்த்துக் கடுமையாகக் கணக்கிட்டபோதும் நிரந்தரப் பாதிப்பு ஒரு லட்சத்துக்கு 4 என்ற அளவிலேயே இருந்தது. அது பருமனானவர்களைத் தனியே பிரித்துச் சொன்ன எண் அன்று என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

வட்டார மயக்கத்தை எல்லாவற்றுக்கும் மருந்தாகக் கருதும் ஆர்வலரும் மறுக்கத்தக்கவரே. தோள் அறுவைக்காகக் கழுத்தில் செய்யப்படும் நரம்புத் தடுப்பு அப்பக்கத்து உதரவிதான நரம்பையும் பெரும்பாலும் செயலிழக்கச் செய்வதால், ஏற்கெனவே மூச்சு குறைந்தவருக்கு அது கேடாகலாம். ஸ்பைனலும் போட்டு, பயம் தெரியாதிருக்க ஆழ்ந்த தூக்கமும் கொடுப்பது, மூச்சுப்பாதையைக் கருவியின் காப்பின்றி அடைபடவிடும் வேலை. பாதி அறுவையில் மரப்பு போதாமல் அவசரமாக முழு மயக்கத்துக்கு மாறுவதே இவை எல்லாவற்றிலும் மோசமான நிலை. எனவே ஊசி பலிக்காவிட்டால் அடுத்து என்ன என்பதை முன்பே தீர்மானித்து, மூச்சுக்குழாய்க் கருவிகளை அருகில் வைத்துக்கொண்டே ஊசியைக் கையில் எடுக்கவேண்டும்.

பருமனானவருக்கு முதுகு ஊசி சரிப்படாது என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் நீடிப்பது வியப்புக்குரியது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே வயதுவந்த பெண்களில் 40 விழுக்காட்டினர் மிகை எடையோ பருமனோ உடையவர். பிரசவங்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு சிசேரியன். அவ்வறுவைக்கு வழக்கமான முறை ஸ்பைனல்தான். நிறைகர்ப்பத்தில் வளையமுடியாத முதுகில் ஊசி ஏற்றுக்கொண்ட அதே பெண்ணுக்கு, ஐம்பது வயதில் முழங்கால் அறுவைக்கு வரும்போது, உடம்பு பெரிது, ஊசி சரிப்படாது என்று சொல்லப்படுகிறது. இடையில் மாறியது பெரும்பாலும் அவர் முதுகு அன்று. சிசேரியனில் முழு மயக்கத்தின் மூச்சுப்பாதை ஆபத்தை அஞ்சி, நேரமானாலும் ஊசியையே முயலும் அரங்கு, முழங்கால் அறுவையில் அன்றைய பட்டியலில் அடுத்து நிற்கும் நோயாளிகளை எண்ணி அவசரப்படுகிறது.