ஊர்வலமும் ஒற்றைச் சிகரெட்டும்

ஆண்டுதோறும் மே மாதம் 31 ஆம் நாள் உலகப் புகையிலை எதிர்ப்பு நாளாக அனுட்டிக்கப்படுகின்றது. மாணவர் பதாகை ஏந்தி வீதிவலம் வருவதும், மண்டபங்களில் உறுதிமொழி எடுப்பதும் நம் நாட்டில் வழக்கமாகிவிட்டன. அவற்றைப் பழிப்பது என் நோக்கமன்று. எனினும், ஊர்வலம் சென்ற அதே வீதியின் பெட்டிக்கடையில் மறுநாட்காலை ஒற்றைச் சிகரெட்டு விற்பனை தடையின்றி நடைபெறுமாயின், அவ்வூர்வலத்தால் விளைந்த பயன் யாது? புகையொழிப்புக்கு உழைக்க முன்வரும் இளைஞரின் மெய்யான களம் கடைத்தட்டே என்பது என் துணிபு.

சட்டத்துக்கு இங்கே குறைவில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை 2003 ஆம் ஆண்டிலேயே ஏற்று உறுதிசெய்த நாடு இலங்கை. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம், 21 வயது நிரம்பாதோர்க்குப் புகையிலைப் பொருள் விற்பதைக் குற்றமாக்கிற்று. மூடிய பொது இடங்களிற் புகைத்தலையும், சிகரெட்டு விளம்பரத்தையும் தடுத்தது. பெட்டிகளில் நோயின் கோரத்தைக் காட்டும் படங்களை அச்சிடுமாறு 2012 இல் விதி பிறந்தபோது, இலங்கைப் புகையிலைக் கம்பெனி நீதிமன்றம் சென்றது. வழக்காடலின் பயனாகப் படத்தின் அளவு குறைந்தது. ஆனால், 2015 இல் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தி, பெட்டியின் 80 வீதப் பரப்பைப் படத்துக்கு உரியதாக்கியது.

இவ்வளவு பாடுபட்டு அச்சேற்றிய படத்தை நம் ஊர்ச் சிறுவன் காண்கின்றானா? காண்பதில்லை. ஏனெனில், அவன் பெட்டியாக வாங்குவதில்லை. கடைக்காரர் பெட்டியைத் தட்டுக்குள் வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் உருவிக் கொடுக்கின்றார். எச்சரிக்கை கடைக்காரரிடம் தங்கிவிடுகின்றது. நஞ்சு மட்டும் கைமாறுகின்றது. முழுப் பெட்டியின் விலையைக் கண்டு மலைக்கும் இளவயதினனுக்கு ஒன்றின் விலை பெருஞ் சுமையாகத் தோன்றுவதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கடைத்தட்டை அடையாத சட்டமும் அத்தகையதே.

"புகைப்பவன் தன் காசில், தன் உடலைக் கெடுத்துக்கொள்கிறான், உமக்கென்ன?" என்று கேட்போர் உளர். புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள உறவை 1950 இல் டோல், ஹில் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் தெளிவாக எடுத்துக்காட்டிய காலத்தில் இக்கேள்விக்கு ஓரளவு இடமிருந்தது. 1981 இல் யப்பானிய அறிஞர் ஹிராயாமா, புகைக்காத மனைவியர் 91,540 பேரைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து எழுதிய ஆய்வு அதற்கு விடை கூறிற்று. கணவன் மிகுதியாகப் புகைக்கும் வீட்டில், புகையே தொடாத மனைவியும் நுரையீரற் புற்றுநோய்க்கு மிகுதியாக இரையாவதை அது காட்டியது. இன்று உலகில் ஆண்டொன்றுக்குப் புகையிலையால் மாள்வோர் எழுபது இலட்சத்துக்கு மேல். அவருள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பிறர் விட்ட புகையைச் சுவாசித்தவர்கள். ஆகவே, பஸ் நிலையத்திலும் தேநீர்க்கடையிலும் தூய காற்றைக் கேட்பது பிறர் உரிமையிற் கைவைப்பதாகாது; தன் உரிமையைக் கேட்பதேயாகும்.

எனினும், கேட்கும் முறை ஒன்றுண்டு. நம்முடையது துறைமுக ஊர். 1957 வரை பிரித்தானியக் கடற்படை இங்கே தளம் கொண்டிருந்தது. அப்படையின் மாலுமிகளுக்குத் தீர்வையற்ற புகையிலை ஒரு சலுகையாகவே வழங்கப்பட்டது. துறைமுகங்களிற் சிகரெட்டு ஆண்மையின் அடையாளமாகக் கருதப்பட்டதில் வியப்பில்லை. இன்றும் இலங்கைத்துறை முகத்துவாரத்திலோ மூதூரிலோ இரவெல்லாம் கடலில் வலையோடு காத்திருக்கும் தொழிலாளி, குளிருக்கும் தனிமைக்கும் துணையென்று பீடியைப் பற்றவைக்கின்றான். அவனை இழிந்தவனென்று ஏசும் பிரசாரத்தை நான் ஏற்கமாட்டேன். அவன் கெட்டவனல்லன், அகப்பட்டவன். ஆனால், அவன் தன் மகனைக் கடைக்கு அனுப்பி, "ஒரு சிகரெட்டு வாங்கி வா" என்னும்போது, தான் அகப்பட்ட கண்ணிக்கு மகனையும் வழிகாட்டுகின்றான். "அப்பா, வேறெதுவும் வாங்கி வருகிறேன், இதை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்" என்று பணிவோடு மறுக்கும் பிள்ளை, எந்த மேடைப் பேச்சாளரையும்விடப் பெரிய தொண்டன்.

இது கைகூடுமா என்று ஐயுறுவோர் யாழ்ப்பாணத்தைப் பார்க்கட்டும். திருவிதாங்கூருக்குக் கப்பலேற்றிய புகையிலையாற் பெயர்பெற்ற மண் அது. சுருட்டுத் தொழிலால் எத்தனையோ குடும்பங்களை வாழ்வித்த மண். அத்தகைய இடத்திலேயே, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் தூண்டுதலால் வணிகர்கள் தாமாகவே சிகரெட்டு விற்பனையைக் கைவிட்டனர். நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட சிறு நகரங்களில் இவ்வாறு விற்பனை நின்றதென 2018 இற் சுகாதார அமைச்சு அறிவித்தபோது, மாவட்டங்களுள் முதலிடத்தில் நின்றது யாழ்ப்பாணமே. அங்கே கடைக்காரரின் மனத்தை மாற்றியது அபராதமன்று, அயலவரின் வேண்டுகோள்.

"ஒருவன் விற்காவிட்டால் அடுத்த கடைக்காரன் விற்பான்; நட்டம் எனக்குத்தானே?" என்பது வணிகரின் நியாயமான கேள்வி. ஆதலாற்றான் இதைத் தனி ஒருவரிடம் கேட்பதாற் பயனில்லை என்கிறேன். ஒரு வீதியின் கடைகள் யாவும் ஒரே நாளில் நிறுத்துமாயின், எவரும் அயலவரிடம் வாடிக்கையை இழப்பதில்லை. மேலும், புகையாகப் போகும் பணம் தொழிலாளியின் மடியில் நின்றால், அது அதே கடைக்கு அரிசியாகவும் பருப்பாகவும் பிள்ளையின் கொப்பியாகவும் திரும்பி வரும். கணக்கறிந்த வணிகர்க்கு இதை எடுத்துரைக்க நம் வாசிகசாலைகளும் விளையாட்டுக் கழகங்களும் போதாவா? ஊர்கூடித் தேரிழுத்துப் பழகியவர்தாமே நாம்!

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். பாடசாலை வாயிலில் நின்று புகைத்துவிட்டு வகுப்பறையிற் சுகாதாரம் போதிப்பவரை மாணவர் நம்புவதில்லை. நாம் முதலில் வழிகாட்டினாற்றான் அவர்களைக் கடைக்காரரிடம் தூதனுப்பும் தகுதி நமக்குண்டு.

அடுத்த மே 31 இலும் ஊர்வலம் நடக்கட்டும். ஆனால், அது செல்லும் வழியிற் சிகரெட்டு விற்காத கடைகள் எத்தனை என்று விரலை மடக்கி எண்ணிக்காட்டும் நிலையில் நம் இளைஞர் இருக்கட்டும். முதல் ஆண்டு அந்த எண் ஒன்றாயினும் குறைவில்லை. அடுத்த ஆண்டு அது இரண்டாக வேண்டும்.