நிழலில் ஒரு கொடிவேலி



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் புதர்க்காடாயிருந்த நிலங்கள் பலவற்றில் இன்று ஆலைகள் எழுந்துள்ளன. புதர் நிழலில் வளரும் கொடிவேலிக்கு நம் வீட்டுக் கொல்லை புகலிடமாகலாம். சித்திரமூலம் என்பதும் இதுவே. நாற்றுப் பண்ணைகளில் விற்கும் நீலப்பூச் செடியன்று, அது தென்னாப்பிரிக்காவினது. நம்முடையது வெண்மலர். மழைக்காலத்தில் மரத்தடியில் தண்டை நட்டால் வேரூன்றும். பசையுள்ள காய்கள் ஆடையில் ஒட்டிக்கொண்டு பரவும். என் அங்கியே அதற்குச் சாட்சி. ஆனால் வேர் நஞ்சுடையது. அதன் சாறு பட்ட தோல் கொப்புளிக்கும். உட்கொண்டால் கருச்சிதைவும் நேரலாம். ஆதலால் குழந்தைகளைத் தோண்ட விடாதீர்கள்.

மொட்டுகளைப் புழு அரித்திருந்தால் பூச்சிமருந்தைத் தேட வேண்டா. அடிச்சிறகில் வரிக்குதிரைக் கோடுகள் கொண்ட சின்னஞ்சிறு நீல வண்ணத்துப்பூச்சியாக மாறவிருப்பவை அவை. மொட்டிலே முட்டையிட வரும் அத்தாய்க்கு நம் குரோட்டன்ஸ் தொட்டிகளால் பயனில்லை.