முதியோர் இல்லங்களுக்கு ஊர்ப் பார்வையாளர்கள் வேண்டும்

ஆரணிக் கோட்டத்தில் இயங்கும் ஒவ்வொரு முதியோர் இல்லத்துக்கும், இலவசமானாலும் கட்டணமானாலும், அரசின் அனுமதிக் கடிதம் பெற்ற தன்னார்வப் பார்வையாளர்கள் இருவர் வேண்டும். முன்கூட்டிச் சொல்லாமல் உள்ளே போகவும், நிர்வாகி பக்கத்தில் நிற்காமல் அங்கிருப்பவரிடம் பேசவும் அவர்களுக்கு உரிமை வேண்டும். எங்கள் அமைப்பு கலந்து பேசி எடுத்த நிலைப்பாடு இது. தறியிலும் பள்ளியிலும் வங்கியிலும் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள் நாங்கள்; நாளைக்கு அந்த இல்லங்களுக்குப் போகப்போகிறவர்களும் எங்களுக்குள் இருக்கலாம்.

2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இயங்கிய கருணை இல்லத்தைப் பற்றி ஊர் அறிந்தது எப்படி? சாலையில் போன வண்டிக்குள்ளிருந்து ஒரு மூதாட்டி கூச்சல் போட்டார். அதே வண்டியில் ஒரு பிணமும் காய்கறியும் இருந்தன. அதிகாரிகள் இல்லத்துக்குள் போனது அதற்குப் பிறகுதான். உரிமம் முந்தைய ஆண்டே முடிந்திருந்தது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமம். அங்கே சேர்க்கப்பட்ட ஒரு பெரியவரைக் காணோம் என்று, வெளிநாட்டிலிருந்த வேண்டியவர் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். அப்புறம்தான் அந்த ஆசிரமத்துக்கு உரிமமே இல்லை என்பதும், அடி உதை, பாலியல் கொடுமைப் புகார்களும் வெளியே வந்தன. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. கூச்சல் போடத் தெம்பில்லாதவர், தேட ஆளில்லாதவர் கதி என்ன?

சிறைச்சாலைக்குக்கூட அலுவல் சாராப் பார்வையாளர் என்ற ஏற்பாடு உண்டு. ஒரு குற்றமும் செய்யாமல் இல்லத்துக்குப் போன நெசவாளியைப் போய்க் கேட்க ஊரில் யாருக்கும் அதிகாரம் கிடையாது.

நெசவாளர்கள் ஊரான ஆரணிக்கு இது பொதுப் பிரச்சினை மட்டும் இல்லை. குழித்தறியில் காலமெல்லாம் உட்கார்ந்தவருக்கு முதுகும் முழங்காலும் போகும், பிறகு கண் போகும். முதலாளியிடம் கூலிக்கு நெய்தவருக்குப் பணிக்கொடை என்று ஒன்றும் இல்லை. பிள்ளைகள் சென்னைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். கையில் வருவது அரசு தரும் முதியோர் உதவித்தொகை, மாதம் 1,200 ரூபாய். இல்லத்தில் சேர்ந்தபின் அந்த வங்கிப் புத்தகமும் ஏடிஎம் அட்டையும் யார் கையில் இருக்கின்றன? பார்வையாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. படுக்கைப் புண்ணுக்கு மருந்து போடுகிறார்களா, வெளிக்கதவு பகலிலும் பூட்டிக் கிடக்கிறதா, 14567 என்ற முதியோர் உதவி எண் சுவரில் இருக்கிறதா, அதற்குப் பேச போன் கொடுப்பார்களா, ஒருவர் இறந்தால் யாருக்குத் தகவல் போகிறது என்பதெல்லாம் அடுத்தடுத்த கேள்விகள்.

இல்லங்களுக்குப் போகிறவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்களே என்பார்கள். பிறந்தநாளுக்கும் திதிக்கும் சாப்பாடு போடப் போகிறோம், வடை பாயசத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். இலையில் உட்கார்ந்திருப்பவர் அன்றைக்கு நன்றிதான் சொல்ல முடியும், குறை சொல்ல முடியாது. ஆகவே நன்கொடையாளர், இல்லத்துக்கு மளிகை மருந்து விற்பவர், உள்ளே இருப்பவரின் உறவினர், கட்சிப் பொறுப்பில் இருப்பவர் ஆகியோர் பார்வையாளர் ஆகக் கூடாது. இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். சௌராஷ்டிரம், தெலுங்கு, உருது பேசும் குடும்பங்கள் உள்ள ஊர் இது. நினைவு தடுமாறும்போது பலர் தாய்மொழிக்கே திரும்பிவிடுகிறார்கள். அந்த மொழி தெரிந்தவரை அனுப்ப வேண்டும்.

அமெரிக்காவில் 1972-ல் சோதனையாகத் தொடங்கி, 1978-ல் எல்லா மாநிலங்களுக்கும் சட்டத்தால் கட்டாயமாக்கிய குறைகேள் ஏற்பாடு ஒன்று உண்டு. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் இல்லம் இல்லமாகப் போகிறார்கள். உள்ளே இருப்பவரின் சம்மதம் இல்லாமல் அவர் புகாரை வெளியே கொண்டுபோவதில்லை என்பது அதன் அடிப்படை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் அதையே. சின்ன ஊரில் எந்த வீட்டுப் பெரியவர் இல்லத்தில் இருக்கிறார் என்பதே டீக்கடைப் பேச்சாகிவிடும். வாயை அடக்கத் தெரியாதவர் எவ்வளவு நல்லவரானாலும் இந்த வேலைக்கு வேண்டாம்.

இல்லம் நடத்துகிறவர்களின் கவலை எங்களுக்குப் புரிகிறது. பலர் கைக்காசு போட்டு, கிடைக்கிற நன்கொடையில் நடத்துகிறார்கள். சட்டியை மோந்து பார்க்க ஆள் வைக்கிறார்கள் என்ற வருத்தம் வரத்தான் செய்யும். பார்வையாளருக்குத் தண்டிக்கும் அதிகாரம் தேவையில்லை. ஆனால் முன்னறிவிப்பு என்ற விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. சோற்று நேரத்தில் போய்ப் பார்த்தால்தான் சோறு தெரியும்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, தானே மனு கொடுக்க முடியாத முதியவர் அதிகாரம் அளித்தால் பதிவு பெற்ற தன்னார்வ அமைப்பு அவருக்காகத் தீர்ப்பாயத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம்; முதியவருக்காக வெளியார் பேசுவதைச் சட்டமே ஏற்கிறது என்பதுதான் இதன் பொருள். இல்லங்களின் பதிவைக் கட்டாயமாக்க 2019 டிசம்பரில் மக்களவையில் வந்த திருத்த மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. அடுத்த மசோதா வரும்வரை உட்கார்ந்திருக்க முடியாது. 2007 சட்டத்தின் 22-ஆம் பிரிவே, அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பை மாவட்ட ஆட்சியருக்குத் தர வழி செய்கிறது.

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியரிடம் எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: இல்லங்களின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, பார்வையாளரை அனுமதிக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்து ஆணையிடுங்கள். மாதத்தில் இரண்டு அரைநாள் ஒதுக்கக்கூடியவர்களும், காது கொடுத்துக் கேட்கப் பொறுமை உள்ளவர்களும் எங்களோடு சேர வாருங்கள்.