மாடிப்படிக்கு மேல இருக்கிற கராத்தே கிளாஸ் யாருக்கு?



ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. உங்க வார்டுல எத்தனை கராத்தே கிளாஸ் இருக்கு? எத்தனை சிலம்பக் கூடம்? டேக்வாண்டோ, ஜூடோ, குத்துச்சண்டை எல்லாத்தையும் சேர்த்துக்கோங்க. கல்யாண மண்டப மொட்டை மாடி, பள்ளிக்கூட மைதானம், பூங்கா ஓரம்னு எப்படியும் நாலஞ்சு தேறும். இப்போ அடுத்த கேள்வி. அங்க பார்வையில்லாத பிள்ளை எத்தனை பேர்? வீல்சேர்ல வர்ற பிள்ளை? காது கேட்காத பிள்ளை?

நம்மில் பலரோட பதில் பூஜ்ஜியம்தான்.

"அவங்க யாரும் வந்து கேட்கலையே"ன்னு மாஸ்டர் சொல்வார். எப்படிக் கேட்பாங்க? கிளாஸ் இருக்கிறது மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மாடி ஏறி வந்தாலும் "இதெல்லாம் உனக்கு எதுக்குப்பா, அடிபட்டுடும்"ங்கிற பேச்சு காத்திருக்கும். பேச்சுக்குப் பயந்தே பெத்தவங்க கூட்டிட்டு வர்றதில்லை. ஆள் வரலைன்னா தேவை இல்லைன்னு அர்த்தம் இல்லை. வழி இல்லைன்னு அர்த்தம்.

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு இது புரியும். ஒரு ஆப்பை பத்துல ஒருத்தரால பயன்படுத்த முடியலைன்னா, அந்த ஆளைக் குறை சொல்ல மாட்டோம். டிசைன் தப்புன்னு சொல்வோம். கராத்தே கிளாஸுக்கும் அதே நியாயம்தான்.

முடியாதுன்னு சொல்றவங்களுக்கு

2024 செப்டம்பர் 5, பாரிஸ் பாராலிம்பிக். ஆண்கள் 60 கிலோ ஜூடோ, ஜே1 பிரிவு. வெண்கலப் பதக்கப் போட்டியில பிரேசில் வீரரை 10-0ன்னு வீழ்த்தினார் கபில் பர்மார். பாராலிம்பிக் ஜூடோவுல இந்தியாவுக்குக் கிடைச்ச முதல் பதக்கம் அது. மத்தியப் பிரதேசம் சேஹோர்க்காரர். சின்ன வயசுல வயல்ல தண்ணி மோட்டாரைத் தொட்டு மின்சாரம் தாக்கினவர். அதுக்கப்புறம் பார்வை குறைஞ்சுகிட்டே போச்சு. வீட்டுப் பிழைப்புக்காக டீக்கடை நடத்தினவர்.

ஜே1னா பார்வை அறவே இல்லாதவங்க, இல்லைன்னா மிக மிகக் குறைவா உள்ளவங்க மோதுற பிரிவு. பார்வையில்லாத ரெண்டு பேர் எப்படிச் சண்டை போடுவாங்கன்னு யோசிக்கிறீங்களா? விதியில ஒரே ஒரு முக்கியமான மாற்றம்தான். வழக்கமான ஜூடோவுல ரெண்டு பேரும் தள்ளி நின்னு ஆரம்பிப்பாங்க. இங்க ஒருத்தர் உடுப்பை இன்னொருத்தர் பிடிச்சபடி ஆரம்பிப்பாங்க. பிடி விட்டுப்போச்சுன்னா நடுவர் நிறுத்தி, திரும்ப நடுவுக்குக் கொண்டுவருவார். மத்த எல்லாம் அதே ஜூடோ. ஜூடோவுல எதிராளி எந்தப் பக்கம் சாயுறான்னு கண்ணை விடக் கைதான் முதல்ல சொல்லும். 1988 சியோல் பாராலிம்பிக்லயே இந்த விளையாட்டு வந்தாச்சு.

டேக்வாண்டோ? டோக்கியோ பாராலிம்பிக்ல அறிமுகமாச்சு. கையில குறைபாடு உள்ளவங்க போட்டி போடுறாங்க. தலையில உதைக்கக் கூடாது, உடம்புல உதைச்சாதான் புள்ளி. ஹரியானாவோட அருணா தன்வர் அதுல இந்தியா சார்பா களம் இறங்கினார். கராத்தே? உலக கராத்தே சாம்பியன்ஷிப்ல 2014ல இருந்து பார்வைக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, வீல்சேர்னு தனித்தனிப் பிரிவுகள்ல கட்டா போட்டி நடக்குது. வாள்சண்டை? வீல்சேரைத் தரையில அசையாம பூட்டிட்டு மோதுற போட்டி 1960 ரோம்லயே நடந்தது. காது கேளாதவங்களுக்கான டெஃப்லிம்பிக்ஸ்ல ஜூடோ, கராத்தே, டேக்வாண்டோ மூணும் இருக்கு.

உலகம் எப்பவோ கண்டுபிடிச்சிட்ட வழியை நாம இன்னும் "முடியுமா?"ன்னு கேட்டுகிட்டு இருக்கோம்.

இது பதக்கக் கதை மட்டும் இல்லை

பாரிஸ்ல நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளைங்க நாலு பேர் பதக்கம் வாங்கினாங்க. உயரம் தாண்டுறதுல மாரியப்பன், பேட்மின்டன்ல துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ. நாம எல்லாரும் ஸ்டேட்டஸ் வெச்சோம், பெருமைப்பட்டோம். நல்லது. ஆனா பதக்கம் வாங்கப் போறவங்க விரல் விட்டு எண்ணக்கூடியவங்க. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு படி தமிழ்நாட்டுல மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கும் மேல. மீதிப் பேருக்கு தற்காப்புக் கலை எதுக்குன்னு கேட்டா, மூணு பதில் இருக்கு.

ஒண்ணு, விழக் கத்துக்கிறது. ஜூடோவுல முதல் பாடமே எதிராளியைத் தூக்கிப் போடுறது இல்லை. அடிபடாம விழறது. தலையைத் தாங்கி, தாடையை நெஞ்சோட சேர்த்து, கையைத் தரையில அறைஞ்சு, விழற வேகத்தைப் பிரிச்சு விடுறது. மூடாத சாக்கடை, தோண்டிப் போட்ட ரோடு, உடைஞ்ச நடைபாதைன்னு இருக்கிற நம்ம ஊர்ல, பார்வையில்லாத ஒருத்தருக்கும் ஊன்றுகோல்ல நடக்கிற ஒருத்தருக்கும் தினமும் தேவைப்படுற திறமை இது.

ரெண்டு, பாதுகாப்பு. மாற்றுத்திறனாளிப் பெண் மேல நடக்கிற பாலியல் வன்கொடுமையைச் சட்டம் கடுமையான குற்றமா பார்க்குது. குறைஞ்சது 10 வருஷ தண்டனை. அவங்க எவ்வளவு எளிதா குறிவைக்கப்படுறாங்கன்னு தெரிஞ்சுதான் சட்டமே அப்படி எழுதியிருக்கு. இங்க ஒண்ணைத் தெளிவா சொல்லிடுறேன். சண்டை கத்துக்காததால தாக்கப்பட்டாங்கன்னு யாரும் பேசக் கூடாது. குற்றம் செய்றவன் மேலதான் குற்றம். ஆனா மத்த பெண் பிள்ளைகளுக்கு "தற்காப்பு அவசியம்"னு ஊரெல்லாம் சொல்லிக் கத்துக்கொடுக்கிறோமே, ரொம்ப ஆபத்துல இருக்கிற பிள்ளையை மட்டும் ஏன் பெஞ்சுல உட்கார வெச்சு மத்தவங்க பையைப் பார்த்துக்கச் சொல்றோம்?

மூணாவதுதான் என்னைப் பொறுத்தவரை பெருசு. மாற்றுத்திறனாளியோட உடம்பை நம்ம சமூகம் பொதுச்சொத்து மாதிரி நடத்துது. கேட்காமலே பார்வையில்லாதவர் கையைப் பிடிச்சு இழுத்து ரோட்டைத் தாண்ட வைப்போம். அவர் அந்தப் பக்கம் போக நினைச்சாரான்னு கூட கேட்க மாட்டோம். வீல்சேரை ஓரமா தள்ளி வெப்போம், அதுல ஆள் உட்கார்ந்திருக்கார்ங்கிறதே மறந்து போயிடும். பிறந்ததுல இருந்து யாராவது தூக்கி, நகர்த்தி, உடுத்தி விட்டு வளர்ற பிள்ளைக்கு "என்னைத் தொடாதே"ன்னு சொல்ற உரிமை தனக்கு இருக்கிறதே தெரியாம போயிடுது.

ஜூடோ மேட்டுல விதி என்ன? முதல்ல வணக்கம், அப்புறம்தான் தொடணும். வலிச்சா, போதும்னா, ரெண்டு தட்டு தட்டினா போதும். எதிர்ல இருக்கிறவர் பிளாக் பெல்ட்டா இருந்தாலும் அந்த நொடியே விட்டுடணும். தன் ரெண்டு தட்டுக்கு ஒரு பெரிய ஆள் கட்டுப்படுறதை அந்தப் பிள்ளை தினமும் பார்க்கும். இந்தப் பாடத்துக்கு விலையே கிடையாது.

சட்டம் என்ன சொல்லுது?

இதை யாரும் தயவு பண்ணிக் கொடுக்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 30ஐ எடுத்துப் படிங்க. விளையாட்டுல பங்கேற்கிற உரிமையை விளையாட்டு அமைப்புகள் அங்கீகரிக்கணும், தங்களோட திட்டங்கள்ல மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்க ஏற்பாடு செய்யணும்னு இருக்கு. பயிற்சி முறையை மாத்தி அமைக்கிறது, இடத்தை மாத்தி அமைக்கிறது, நிதி ஒதுக்குறது எல்லாம் அரசோட பொறுப்புன்னு வரி வரியா எழுதியிருக்கு. பழைய சட்டத்துல 7 வகையா இருந்ததை 21 வகைக் குறைபாடுன்னு விரிச்சதும் இதே சட்டம்தான்.

'ஊனமுற்றோர்'ங்கிற சொல்லை எடுத்துட்டு 'மாற்றுத்திறனாளி'ன்னு சொல்லக் கத்துகிட்டோம். சொல்லை மாத்தினது சரிதான். கதவை எப்போ மாத்துவோம்?

சில கேள்விகள், பதில்கள்

"அடிபட்டா யார் பொறுப்பு?" நியாயமான கேள்வி. எல்லாரையும் ஒரே மாதிரி மேட்டுல இறக்குங்கன்னு நாங்க சொல்லலை. டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்து எலும்பு இணைப்பு தளர்வா இருக்கும். டாக்டர் பார்த்துச் சொல்லாம அவங்களைத் தூக்கிப் போடுற பயிற்சிக்கு விடக் கூடாது. ரத்தம் உறையாத ஹீமோபிலியா உள்ளவங்களுக்கு மோதல் பயிற்சி ஆகாது. வலிப்பு உள்ளவங்களுக்கும் டாக்டர் ஆலோசனை வேணும். ஆனா "டாக்டரைப் பார்த்துட்டு வாங்க"ன்னு சொல்றது வேற, "வராதீங்க"ன்னு சொல்றது வேற.

"தனியா ஒரு கிளாஸ் வெச்சுட்டா போச்சே?" தேவைப்படுற இடத்துல வெக்கலாம். ஆனா முதல் தேர்வு அதுவா இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை போற அதே கிளாஸ், அதே நேரம், அதே மாஸ்டர். காது கேட்காத பிள்ளைக்கு விசிலுக்குப் பதில் கொடி அசைங்க, லைட்டை அணைச்சுப் போடுங்க. பார்வையில்லாத பிள்ளைக்கு "இப்படிச் செய்"னு காட்டாம, "வலது கை தோள் உயரம், இடது கால் ஒரு அடி பின்னாடி"ன்னு வாயால சொல்லுங்க. கூடப் படிக்கிற எல்லாருக்குமே அது நல்ல பாடம்தான். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்குத் தினமும் ஒரே வரிசையில, சின்னச் சின்னப் படியா, படம் காட்டிச் சொல்லிக் கொடுங்க. வீல்சேர்ல இருக்கிற பிள்ளைக்குச் சிலம்பக் கம்பை உட்கார்ந்த உயரத்துக்கு அளந்து வெட்டிக் கொடுங்க. இதுல எதுக்குக் கோடி ரூபாய் வேணும்?

"பாவம்னு பெல்ட் கொடுத்துட்டா கலைக்கே கேவலம் இல்லையா?" ரொம்பச் சரி. பாவம் பார்த்து பெல்ட் கொடுக்கவே கூடாது. செய்ற விதம் மாறலாம், தரம் குறையக் கூடாது. பாராலிம்பிக்ல யாரும் பாவம் பார்த்துப் புள்ளி போடுறதில்லை.

நாம கேட்கிறது

1. அரசுப் பள்ளி மாணவிகளுக்கு நடக்கிற தற்காப்புப் பயிற்சியில, அதே பள்ளியில படிக்கிற மாற்றுத்திறனாளி மாணவிகள் ஒருத்தர் விடாம சேர்க்கப்படணும். அவங்க எண்ணிக்கையைத் தனியா வெளியிடணும்.

2. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட ஒவ்வொரு மாவட்ட அரங்கத்திலயும் தரைத்தளத்துல மேட், சாய்தளம், வீல்சேர் போற கழிப்பறை இருக்கணும்.

3. மேலக்கோட்டையூர்ல இருக்கிற நம்ம விளையாட்டுப் பல்கலைக்கழகத்துல படிச்சு வெளிய வர்ற ஒவ்வொரு பயிற்சியாளருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற முறை கட்டாயப் பாடமா இருக்கணும். இப்ப வேலையில இருக்கிற மாஸ்டர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி கொடுக்கணும்.

4. சிலம்பத்துக்கு மாற்றுத்திறனாளிகள் பிரிவு விதிமுறையை அரசே முன்னின்னு உருவாக்கணும். ஜூடோவுக்கு ஜப்பான்காரங்க வழி காட்டினாங்கன்னா, சிலம்பத்துக்கு நாமதான் காட்டணும். வேற யார் வந்து செய்வாங்க?

நீங்க செய்யக்கூடியது

தோழர்களே, லைக் போட்டுட்டுக் கடந்து போயிடாதீங்க. இந்த வாரம் ஒரு வேலை செய்ங்க. உங்க ஏரியா மாஸ்டரை நேர்ல பாருங்க. சண்டைக்குப் போகாதீங்க, மரியாதையா கேளுங்க: "மாஸ்டர், வீல்சேர்ல ஒரு பிள்ளை வந்தா சேர்த்துப்பீங்களா? என்ன உதவி வேணும்?" நிறையப் பேருக்கு மனசு இருக்கு, வழிதான் தெரியலை. சாய்தளப் பலகை செஞ்சு தர்றது, மாடி கிளாஸைத் தரைத்தளத்துக்கு மாத்த இடம் பிடிச்சுத் தர்றது, கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வர்றது, இதெல்லாம் நம்ம கிளைத் தோழர்கள் ஒரு ஞாயித்துக்கிழமையில முடிக்கிற வேலை.

ரெண்டாவது, 10 ரூபாய் கட்டணத்துல தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க. "எங்க மாவட்ட அரசுப் பள்ளிகள்ல தற்காப்புப் பயிற்சி எடுத்த மாணவிகள் எத்தனை பேர்? அதுல மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர்?" 30 நாள்ல பதில் வரணும். வந்த பதிலை கமெண்ட்ல போடுங்க. எல்லா மாவட்டத்துப் பதிலையும் தொகுத்து நாங்க வெளியிடுறோம்.

மூணாவது, கிராமத்துல இருக்கிறவங்க அடுத்த கிராம சபையில இதைத் தீர்மானமா கொண்டு வாங்க. பிரிவு 30ஐ அச்செடுத்துக் கையில வெச்சுக்கோங்க.

முக்கியமா, மாற்றுத்திறனாளித் தோழர்களே, உங்களுக்காக நாங்க பேசிட்டு நிறுத்திக்க விரும்பலை. எந்தக் கலை கத்துக்க ஆசை, எங்க போனப்போ என்ன தடை வந்துச்சு, நீங்களே எழுதுங்க. கோரிக்கைப் பட்டியல்ல விட்டுப்போனதைச் சேர்க்கிறோம், தப்பா இருந்தா திருத்துறோம்.

தற்காப்பு எல்லாருக்கும் பொதுன்னா, அந்த 'எல்லாருக்கும்'ல அவங்களும் இருக்கணும்.

பகிருங்கள். உங்க ஏரியா மாஸ்டரை டேக் பண்ணுங்க.

- தகவல் தொழில்நுட்ப அணி

#தற்காப்பு_எல்லாருக்கும் #பிரிவு30 #கதவைத்_திறங்க