செய்தி அறையில் யார் இருக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் ஒரு சமூகம் தன்னை எந்தப் பெயரால் அறியவேண்டும் என்பதையே பத்திரிகைகள் மாற்றியிருக்கின்றன. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய இதழின் பெயர் 'பறையன்'. பிறர் வசையாக வீசிய சொல்லை அவர் தலைநிமிர்ந்து முகப்பில் அச்சிட்டார். 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' வேறு வழியில் சென்றது. மறு ஆண்டே 'தமிழன்' எனப் பெயர் மாறிய அந்த வார இதழ், ஒடுக்கப்பட்ட மக்கள் பூர்வ பௌத்தர்களே என்று வாதிட்டு, அவர்களுக்கென ஒரு வரலாற்றை எழுதித் தந்தது. 1925இல் ஈரோட்டில் பிறந்த 'குடி அரசு' இதழில், 1927 முடியும் தறுவாயில், பெரியாரின் பெயரிலிருந்து 'நாயக்கர்' நீங்கியது. பெயரோடு சாதியை ஒட்டும் வழக்கம் இங்கே அருகியதில் அந்த இதழுக்குப் பெரும் பங்குண்டு.

பெயரிலிருந்து போன சாதி, பத்திரிகையை விட்டுப் போகவில்லை. மணமகன், மணமகள் தேவை விளம்பரங்களில் அது இன்றும் வெளிப்படையாகவே நிற்கிறது. செய்திப் பக்கத்திலோ மறைந்து நிற்கிறது. தலித் குடியிருப்பின் மீது நடக்கும் தாக்குதல் 'இரு தரப்பினரிடையே மோதல்' ஆகிவிடுகிறது. சாதி மறுத்து மணந்தவரின் கொலை 'காதல் விவகாரம்' ஆகிவிடுகிறது. அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே தட்டில் வைக்கும் இந்தத் தலைப்புகள் கொடுமையானவை. அடிபட்ட தெருவின் பிள்ளை மறுநாள் நாளிதழில் தன்னைக் கலகக்காரனாகவே பார்க்கிறான். தலைப்பிடும் இடத்தில் அந்தத் தெருவை அறிந்தவர் ஒருவர் இருந்தால் இப்படி அச்சேறுவது கடினம்.

1996இல் தில்லியில் மூத்த பத்திரிகையாளர் பி. என். உனியால் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடிக் கிடைக்காமல், அதையே கட்டுரையாக எழுதினார். ஆங்கில, இந்தி ஊடகங்களை ஆராய்ந்த ஆக்ஸ்ஃபாம் இந்தியா, நியூஸ்லாண்ட்ரி அறிக்கை 2019இல் வந்தது. 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன; பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை.

திறமைக்குச் சாதி ஏது என்று கேட்பார்கள். உண்மைதான். அப்படியானால் கணக்கைக் காட்டத் தயக்கம் ஏன்? அமெரிக்க நாளிதழ் ஆசிரியர்கள் சங்கம் 1978இல், செய்தி அறையில் சிறுபான்மையினரின் பங்கு 2000ஆம் ஆண்டுக்குள் மக்கள்தொகை விகிதத்தை எட்டவேண்டும் என இலக்கு வைத்து, ஆண்டுதோறும் கணக்கெடுத்தது. இலக்கு எட்டப்படவில்லை. கணக்கு இருந்ததால்தான் அந்தத் தோல்வி ஊரறிந்தது.

நிருபர், துணை ஆசிரியர், ஆசிரியர் என ஒவ்வொரு நிலையிலும் எந்தெந்தச் சமூகத்தவர் எத்தனை பேர் என்பதைத் தமிழ் நாளிதழ்கள் ஆண்டுக்கொரு முறை, எவர் பெயரையும் குறிப்பிடாமல், தங்கள் பக்கங்களிலேயே வெளியிடவேண்டும். வாசகர்கள் அதைக் கேட்டு எழுதவேண்டும்.