ஏடு பெயர்த்தெழுதும் கடமை

நம் முன்னோரின் ஓலைச்சுவடிகள் செல்லரித்து மாண்ட கதையைத் தமிழ் கற்றார் யாவரும் அறிவர். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் தேடி மீட்டவை போக, மறைந்தன எத்தனையோ! எஞ்சியவற்றைக் காத்தது ஓலையின் வலிமையன்று. பழைய ஏடு நைந்துபோகுமுன் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதிய கைகளின் தொண்டேயாம். கணினிக் காலத்தில் இவ்வுண்மையை நாம் மறந்து வருகின்றோம்.

மலையகத்தார்க்கு ஆவணம் என்பது அலங்காரப் பொருளன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்து வாழ்ந்தோரிடமே, தந்தை இங்கு பிறந்தமைக்கு, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்திற் பிறந்த பலர்க்குப் பதிவு ஏது? காட்டுதற்குத் தாள் இன்மையும் அவர்களை நாடற்றோராக்கிய காரணங்களுள் ஒன்றாயிற்று. அக்குறை தீர்க்கும் சட்டம் 2003 இலும் வரவேண்டியிருந்ததன்றோ!

இன்று நம் மாணவர் முதியோரின் வாய்மொழி வரலாற்றையும், காமன் கூத்துப் பாடல்களையும் கைப்பேசியிற் பதிகின்றனர். பழைய செக்ரோல்களையும், தோட்டத்து மழைக் கணக்குகளையும் படமெடுக்கின்றனர். பாராட்டத்தக்க பணியே. ஆயின், ஆய்வேடு முடிந்து பட்டம் பெற்றபின் அத்தரவுகள் எங்கே? திறவாத இறுவட்டிலோ, பழுதான கணினியிலோ உறங்குகின்றன. பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற குறிகளாய்த் தோன்றுவதை யார் அறியார்? கதை சொன்ன பாட்டி மறைந்தபின் மீண்டும் யாரிடம் கேட்பது?

“இணையத்தில் ஏற்றிவிட்டால் போதாதோ?” என்பர் சிலர். போதாது. ஓரிடத்தில் மட்டும் இருப்பது, இல்லாமற் போவதற்கு அணியமாயிருப்பதே. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாதவை என்றென்றைக்குமாய் அழிந்தன.

ஆதலின் செய்யவேண்டுவன சில. ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று படிகள் வேண்டும்; அவை இருவகைச் சாதனங்களில் அமைய, ஒன்றேனும் வேற்றூரில் இருத்தல் வேண்டும். எழுத்து ஒருங்குறியில் அமைதல் வேண்டும். யார், எங்கு, எப்போது சொன்னார், எவ்வளவு வெளியிட இசைந்தார் என்னும் குறிப்பு உடனிருத்தல் வேண்டும். குறிப்பற்ற ஒலிப்பதிவு பெயரற்ற கல்லறைக்கு ஒப்பாம். ஐந்தாண்டுக்கொருமுறை திறந்து பார்த்துப் புதிய சாதனத்துக்கு மாற்றுதல் வேண்டும். 2005 இல் தொடங்கிய நூலகத் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் காத்து, இம்முயற்சி தமிழராலும் இயல்வதே எனக் காட்டியுள்ளது.

தேயிலைச் செடியை ஆராய, 1925 இல் நிறுவப்பெற்ற நிலையம் தலவாக்கலையில் உண்டு. அச்செடியிற் கொழுந்து கொய்த கைகளின் வரலாற்றைக் காப்பது யார் கடன்? நம் கடனே. இவ்விழா ஆண்டிலே கல்லூரி நூலகத்தில் ஆவணப் பகுதியொன்று அமையட்டும். பழைய மாணவர் ஒரு படியைத் தத்தம் ஊரிற் பேணட்டும். ஆசிரியர் ஒருவர் அதற்குப் பொறுப்பேற்கட்டும். விழாப்பந்தல் நாளை பிரிக்கப்படும். பெயர்த்தெழுதிய ஏடோ பேரர்க்கும் பயன்படும்.