மென்பொருள் படிக்கும் பிள்ளைக்கு என்ன புத்தகம் வாங்கிக் கொடுத்தோம்?

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று எமது வாவிக்கரைப் பிரதேசத்தின் வர்த்தகக் குடும்பங்களில் கணினித் துறைக்குப் போகும் பிள்ளைகள் பெருகி வருகின்றனர். உயர்தரப் பரீட்சை முடிந்ததும் டிப்ளோமாவுக்குப் பணம் கட்டுகிறோம், மடிகணினி வாங்கிக் கொடுக்கிறோம். சில மாதங்களில் பிள்ளை ஒரு வலைப்பதிவைத் திறந்து, எமது கடையின் பெயரையும் சாமான்களின் படங்களையும் அதில் ஏற்றிக் காட்டுகிறான். பெருமைப்பட வேண்டிய விடயம்தான். ஆனால் பிள்ளை கற்றுக்கொண்டது அந்தத் தளத்தில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதையா, அல்லது அதன் பின்னால் இருக்கும் தொழிலையா என்பதை எத்தனை பேர் விசாரிக்கிறோம்?

விசாரிக்க வேண்டிய காரணம் உண்டு. பொத்தான்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பிளாகர் தளம் 1999இல் ஒரு சிறு நிறுவனத்தால் தொடங்கப்பட்டு 2003இல் கூகுளின் கைக்கு மாறியது. அதே 2003இல் வேர்ட்பிரஸ் வெளிவந்தது. தமிழ் வலைப்பதிவுகளும் அக்காலத்தில்தான் தலையெடுத்தன. 2009இல் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது, இலவசமாகக் கிடைத்ததென்று நம்பி அங்கே பக்கம் வைத்திருந்தவர்கள் பலர் அதை இழந்தார்கள். 2010இல் பிளாகர், வேறு சேர்வரில் பதிவுகளை ஏற்றும் வசதியை நிறுத்தியது. 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் தனது எழுதும் முறையையே மாற்றியது. பழைய முறைக்குப் பழகியவர்கள் திண்டாடினார்கள். 2003 முதல் இயங்கிய டைப்பேட் என்ற தளமோ 2025 செப்டெம்பர் 30ஆம் திகதியுடன் மூடப்பட்டே விட்டது.

வாடகைக் கடையில் வியாபாரம் செய்பவருக்கு இது புதிய விடயமல்ல. கட்டடக்காரர் வாசலைத் திருப்பிக் கட்டலாம், கடையைக் காலி செய்யவும் சொல்லலாம். ஆனாலும் சரக்கும், கணக்குப் புத்தகமும், வாடிக்கையாளரின் நம்பிக்கையும் எம்மிடம் இருந்தால் அடுத்த தெருவில் கடையைத் திறந்துகொள்ளலாம். தொழில் தெரிந்தவர் இடம் மாறினாலும் பிழைத்துக்கொள்வார். கணினித் துறையிலும் அப்படித்தான்.

இதற்கு எமது ஊர் அச்சகங்களிலேயே நல்ல உதாரணம் உண்டு. பாமினி எழுத்துருவில் கல்யாணக் கார்டும் நோட்டீசும் அடித்த காலத்தை அனைவரும் அறிவர். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் தமிழ் இராது, புரியாத ஆங்கில எழுத்துக்கள்தான் வரும். யுனிகோட் முறையில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், அது பரவலான பாவனைக்கு வரப் பல வருடங்கள் சென்றன. அப்படி வந்தபோது பாமினியில் தட்டச்சு மட்டும் பழகியவர்கள் பழைய கோப்புகளை வைத்துக்கொண்டு விழித்தார்கள். கணினிக்கு உள்ளே ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண் என்ற அடிப்படையை அறிந்திருந்த சுரதா யாழ்வாணன் போன்றவர்களோ, ஒன்றை மற்றதாக மாற்றும் கருவிகளைச் செய்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். இரு தரப்பாருக்கும் நடந்த மாற்றம் ஒன்றுதான். அடிப்படை தெரிந்தவர் அதில் தொழில் கண்டார்.

இந்த அடிப்படை, தளங்களின் புதிய அறிவித்தல்களை வாசிப்பதால் மட்டும் வராது. அதற்கென்று நூல்கள் இருக்கின்றன. பிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதிய 'த மிதிக்கல் மேன்-மந்த்' அவற்றில் ஒன்று. ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரியதொரு மென்பொருள் வேலையை நடத்திய அனுபவத்திலிருந்து அவர் எழுதியது. தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலைக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது அதன் முக்கிய பாடம். நூறு சட்டைகளைப் பத்துத் தையற்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். மென்பொருளை அப்படிப் பிரிக்க முடியாது. புதிதாக வருபவருக்கு விளக்கம் சொல்வதிலேயே பழையவரின் நேரம் போய்விடும். "பெருநாள் சீசனுக்கு முன் பில் போடும் மென்பொருள் வேண்டும், இன்னும் இரண்டு பொடியன்களைப் போடுங்கள்" என்று அவசரப்படுத்தும் முதலாளிமாருக்கும் இது பொருந்தும்.

அடுத்து, அன்ட்ரூ ஹண்ட், டேவிட் தோமஸ் இருவரும் 1999இல் எழுதிய 'த பிரக்மடிக் புரோகிராமர்'. இருபது வருடங்களின் பின் அதைத் திருத்தி மறுபடியும் வெளியிட்டார்கள். எத்தனையோ தளங்கள் மறைந்துபோன அந்த இடைவெளியில் இந்த நூல் தொடர்ந்து வாசிக்கப்பட்டது. ஆங்கிலம் சிரமமான பிள்ளைகளுக்கு, 2012இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் லினக்ஸ் முதலியவை பற்றி எளிய தமிழில் நூல்களை இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது.

"பிள்ளை கெதியில் உழைக்க வேண்டும், புத்தகம் படிக்க நேரமெங்கே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கட்டிய பணத்துக்கு வருமானம் பார்ப்பது வியாபாரியின் இயல்பு. ஆனால் கடையில் வேலைக்குச் சேரும் பையனுக்குச் சரக்கின் தரமும் கணக்கும் சொல்லிக் கொடுக்காமல் எந்த முதலாளியும் கல்லாவில் இருத்துவதில்லை. சொந்தப் பிள்ளையின் தொழிலில் மட்டும் அந்தப் பொறுமையை ஏன் இழக்கிறோம்?

ஆகவே வர்த்தக சகோதரர்கள் மூன்று விடயங்களைக் கவனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, கடையின் இணையப் பக்கமும் அதன் கடவுச்சொல்லும் கடை உரிமையாளரின் பெயரிலேயே இருக்க வேண்டும். செய்து கொடுத்த பையன் கட்டாருக்குப் போன பிறகு, பக்கத்தைத் திறக்க வழியின்றி நிற்கும் கடைக்காரர்கள் எம்மிடையே உண்டு. இரண்டாவது, பிளாகரிலும் வேர்ட்பிரஸிலும் பதிவுகளைப் பிரதி எடுத்துக்கொள்ள வசதி உண்டு. சரக்கு இருப்பு எடுப்பதைப் போல மாதமொருமுறை அதை எடுத்து வீட்டுக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள், படங்களையும் சேர்த்து. மூன்றாவது, டிப்ளோமாவுக்குக் கட்டும் பணத்துடன் ஒரு நல்ல நூலுக்கும் பணம் ஒதுக்குங்கள். பள்ளி நூலகத்துக்கு அன்பளிப்புச் செய்பவர்கள் இத்தகைய நூல்களையும் சேர்த்துக் கொடுத்தால், வாங்க வசதியற்ற பிள்ளையும் படிக்கும்.

இன்று எமது பிள்ளைகள் பழகும் தளம் இன்னும் பத்து வருடங்களில் எந்த உருவில் இருக்குமென்று எவராலும் சொல்ல முடியாது. அன்று புதிதாக வருவதைத் தானே விளங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு ஊரிலும் வேலை கிடைக்கும், வெளியிலும் கிடைக்கும். அடுத்த தவணைப் பணம் கட்டப் போகும்போது, சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்று கேட்பதோடு, என்ன புத்தகம் படிப்பிக்கிறீர்கள் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.